சிவப்பு மைக்கு முந்தைய எஞ்சின்

டீ வேண்டாம், ஐயா. கிளாஸ் விளிம்பில் யாருடைய உதட்டுச் சுவடோ காயாமல் இருக்கிறது. நீங்கள் துருவிக் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கட்டியது புது நீராவி எஞ்சின், ஆனால் பழைய வடிவம். அந்த வகையில் ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. வரைபடக் கட்டு மட்டும் இருந்தது. அதைத் தேடிப் பிடித்தவன் நான். எங்கள் ஆர்வலர் குழுவில் எல்லாம் அசல்படி இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. கொதிகலன் என் தங்கை புருஷன் பொறுப்பு. ஷெட்டில் அவரைப் பாய்லர்காரர் என்பார்கள். நான் மாப்பிள்ளை என்பேன்.

கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத்தைப் புரட்டும்போது கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அந்த எச்சில் பழைய தாளில் பழுப்பாகப் பரவுவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குமட்டும். எத்தனையோ தடவை சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த தாளுக்கும் அதே விரலைக் கொண்டுபோவார்.

வேலையும் அப்படித்தான். அசலில் தண்ணீர்த் தொட்டிக்கு ரிவெட் ஆணி அடித்திருந்தார்கள். இவர் வெல்டிங் வைத்துவிட்டு, பார்ப்பவர்கள் கண்ணுக்காக வெறும் ரிவெட் தலைகளைப் பசை போட்டு ஒட்டினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் விஷயம் ஈயத் திருகில் வந்து நின்றது. நெருப்பறையின் கூரைக்கு மேலேதான் கொதிகலன் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வற்றினால் கூரை பழுக்கக் காய்ந்து, பிய்ந்துகொண்டு இறங்கும். எஞ்சினில் நிற்பவர்கள் ஆவியில் வெந்துபோவார்கள். அதனால் கூரையில் ஈயம் அடைத்த பித்தளைத் திருகு ஒன்றை வைப்பது உண்டு. தண்ணீர் குறைந்ததும் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். மூல வரைபடத்தில் அது கிடையாது. முதல் எஞ்சின் ஓடிய மறு வருடம் கூரை இறங்கி ஓட்டுநர் இறந்தார். அதற்குப் பிறகு, வடிவமைத்தவரே வரைபடத்தில் சிவப்பு மையில் சேர்த்த திருகு அது.

நாங்கள் கட்டியது சிவப்பு மைக்கு முந்தைய எஞ்சினை. கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் பதில் சொன்னார்.

“ஒரு ஆள் செத்த பிறகுதான் மச்சான் அந்த மனுஷனுக்கே புத்தி வந்துச்சு. நமக்கு அது சும்மாவே கிடைச்சிருக்கு. வேணாம்னு சொல்றதா?”

எல்லோரும் சிரித்தார்கள். திருகு வைப்பதென்று முடிவானது.

கொதிகலன் சோதனை முடிந்து முத்திரை விழுந்த பிறகு, நெருப்பறைக்குள் நுழைந்து துடைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஈயத் திருகைக் கழற்றி, அதே அளவில் கெட்டி எஃகுத் திருகை முடுக்கினேன். அதை என் வீட்டு லேத்தில் கடைந்தபோது தங்கை வந்திருந்தாள். என்ன செய்கிறாய் அண்ணா என்றாள். உன் புருஷன் விட்ட பிழையைத் திருத்துகிறேன் என்றேன். அவளுக்கும் சிரிப்புதான்.

நீர்மட்டம் காட்டும் கண்ணாடியும் அசலில் ஒன்றுதான். மாப்பிள்ளை இரண்டு வைத்திருந்தார். முதல் ஓட்டத்தன்றாவது ஒன்றோடு ஓட்டக்கூடாதா என்று கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

“சரி மச்சான், உங்க ஆசைக்கு ஒண்ணைக் கழட்டிடறேன். ஒண்ணு ஏமாத்தினாலும் ஈயத் திருகு இருக்கே.”

அவர் எனக்காக விட்டுக்கொடுத்தது அது ஒன்றைத்தான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தேன். சொன்னால் எஃகுத் திருகைக் கழற்றிவிடுவார். நன்றி என்று மட்டும் சொன்னேன்.

முதல் ஓட்டத்தில் எஞ்சினை ஓட்டியவர் மாப்பிள்ளைதான். கண்ணாடியின் கீழ்க் குழாயில் கசடு அடைத்துக்கொண்டதாம். தண்ணீர் வற்றிய பிறகும் அது பாதி காட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. மேடு ஏறும்போது கூரை இறங்கியது. கரி போடுபவர் வெளியே குதித்துவிட்டார். நான் ஓடிப் போனபோது மாப்பிள்ளைக்கு உயிர் இருந்தது. வேகவைத்த வாடை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“ஈயம் உருகலையா மச்சான்?” என்றார்.

கையை நீட்டினார். தோல், கையுறை மாதிரி கழன்று தொங்கியது. நான் பிடிக்கவில்லை. அது அந்தக் கட்டைவிரல் இருக்கிற கை.

அவர் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை, இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். தங்கை, புருஷன் அசந்துவிட்டார் என்றே நினைத்து ஊராரிடம் தலைகுனிந்து நிற்கிறாள். அவளிடம் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அழுகிற முகங்களைப் பார்க்க முடியாது, மூக்கு ஒழுகும்.

குழு இன்னொரு கொதிகலன் செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அதில் ஈயத் திருகு வைக்கலாம். இனி எனக்கு ஆட்சேபணை இல்லை. முதல் எஞ்சினிலும் ஓட்டுநர் செத்த பிறகுதானே அதை வைத்தார்கள்.