இறங்குவதுதான் கஷ்டம்

நாலாங்கிளாஸ் தாண்டாமலே மூன்று லாரிக்கு முதலாளி ஆனவன் நான். வண்டிப் பேச்சு என்றால் காது தானாகப் போகும். பொம்மசந்திரா போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் பழைய ரேஸ் டிரைவர் ஒருவரும் அவருடைய மெக்கானிக்கும்.

"ஓட்டுறது பிரச்சனையே இல்லடா. இறங்குறதுதான்."

"நீங்கதானேண்ணே, இனிமே நாள்பூரா ஓடுற ரேஸுக்குப் போறேன்னீங்க?"

"அதுல ஒரே காரை மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டணும். நான் சட்டுனு வெளிய வந்தாத்தான் அடுத்தவன் ஏற முடியும். நேத்து பிராக்டீஸ்ல என்னை ரெண்டு பேர் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கினாங்க."

"ஏறும்போது மட்டும் புலி மாதிரி ஏறுறீங்க! முட்டி ஆபரேஷன் பண்ணிக்கலாம்ணே."

"அதுவரைக்கும் எவன்டா எனக்காக சீட்டைக் காலியா வச்சிருப்பான்?"

அவர்கள் ஸ்டாப் வந்தது. கண்டக்டர் சீக்கிரம் இறங்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். மெக்கானிக் எழுந்து கையை நீட்டினார்.

டிரைவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாம், உட்காருடா."