எதிர் மாடியில் நின்றவள்

— எந்த லாட்ஜு? நம்ம வாசலுக்கு எதிர்ல இருக்கே, அதுவா?

— ஆமா அண்ணி.

— இத்தனை வருஷம் கழிச்சு வந்தவ, பொறந்த வீடு இங்க இருக்க, எதிர்ல ரூம் போட்டு உட்கார்ந்தியா? எப்ப வந்தே?

— திங்கக்கிழமை.

— இன்னைக்கு வியாழன்! இத்தனை நாளா அங்க என்னம்மா பண்ணே?

— பார்த்துக்கிட்டிருந்தேன். வீட்டை, அம்மாவை... உங்களையும்.

— அப்படிப் போடு. வேவு பார்த்திருக்கே.

— அப்படியில்ல அண்ணி. நான் ஆராய்ச்சி பண்ற கிரேக்கக் காவியத்துல, பல வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றவன் நேரா வீட்டுக்குள்ள வரமாட்டான். பிச்சைக்காரன் வேஷத்துல வருவான். தான் இல்லாதப்ப யாரு உண்மையா இருந்தாங்கன்னு பார்த்துட்டுத்தான் பேரையே சொல்லுவான். அதையே படிச்சுப் படிச்சு, எனக்கும் அப்படியே வரணும்னு தோணிடுச்சு. ஃபோன்ல எல்லாரும் நல்லாத்தானே பேசுவாங்க...

— படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க! சரி, பார்த்துட்டு அவன் என்ன பண்ணுவான்?

— தப்புப் பண்ணவங்களைக் கொல்லுவான். அவன் பொண்டாட்டியைக் கட்டிக்கணும்னு வந்து உட்கார்ந்திருந்தவங்களை. அப்புறம்... வீட்டு வேலைக்காரப் பொண்ணுங்க சில பேரைத் தூக்குல போட்டுருவாங்க.

— அதானே பார்த்தேன். பெருக்கித் துடைச்சுட்டுக் கிடந்தவ கழுத்துக்குத்தான் கயிறு. என் கழுத்துக்கு அளவெடுக்க வந்தியா?

— அண்ணி!

— என்ன பார்த்தே, சொல்லு. அத்தையைப் பட்டினி போட்டேனா?

— இல்ல. தலை வாரி விட்டீங்க. நகம் வெட்டினீங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் கத்தினீங்க.

— கத்தினேன். ஏன்னு தெரியுமா? ஜன்னலை விட்டு நகர மாட்டேன்னாங்க. "என் பொண்ணு வந்துட்டா, எதிர் மாடியில நிக்கிறா"ன்னு ஒரே பிடிவாதம். நடக்க முடியாத மனுஷி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தாங்க.

— நான் மாஸ்க் போட்டிருந்தேனே... தலையில துணி வேற...

— பெத்தவளுக்கு மூஞ்சி எதுக்கு? "அந்த நிக்கிற நிலையைப் பாரு"ன்னாங்க. நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு யாரோ ஒருத்தி. "உங்களுக்குப் புத்தி கலங்கிடுச்சு அத்தை"ன்னு கத்தினேன்.

— அப்புறம்?

— விடிய விடிய உன் பேருதான். டாக்டரை வரவழைச்சோம். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னா வயசுக் கோளாறுதான்னு ஒரு மாத்திரை எழுதினாரு. அதைப் போட்டதுலேர்ந்து படுத்தது படுத்தபடிதான். நேத்து ஒரு தடவை முழிச்சு, "எனக்குப் பைத்தியமாடி?"ன்னு கேட்டாங்க. "கொஞ்சம்தான் அத்தை, சரியாயிடும்"னேன். பாவி நான்.

— உங்க தப்பு இல்ல அண்ணி.

— என் தப்பு இல்லன்னு நீ சொல்றியா! ஒரு தெருவைத் தாண்ட உனக்குக் கால் வரலையே. சரி, உள்ள போய்ப் பக்கத்துல உட்காரு. மாத்திரையை நிறுத்தலாமான்னு டாக்டரைக் கேக்கறேன். முழிச்சதும் நானே சொல்றேன். "உங்க புத்தி தெளிவாத்தான் இருக்கு அத்தை, அங்க நின்னது உங்க பொண்ணேதான்"னு. அந்த நிம்மதியாவது கிடைக்கட்டும்.

— அண்ணி...

— என்ன?

— அதை மட்டும் சொல்லிடாதீங்க. நான் இன்னைக்குத்தான் ஊர்லேர்ந்து வந்தேன்னு சொல்லுங்க. அங்க நின்னது வேற யாரோன்னே இருக்கட்டும் அண்ணி.