ஆள் நூற்று நாற்பது, டாக்டர் உண்டு

— "கரண்டு நின்னு நானூத்திப் பன்னிரண்டாம் நாள். ஆத்துக்கு மேற்கே, பம்பு ஹவுஸ். ஆள் நூத்தி நாப்பது. டாக்டர் உண்டு." நேத்து மத்தியானம் நீங்க ரேடியோவுல சொன்னது இது. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. அந்த டாக்டரைத்தான் கூப்பிடச் சொல்றேன். கேட்டைத் திறங்க.

— முதல்ல கேட்டுல இருந்து கையை எடுங்க. உள்ள காவலுக்கு இருபது பேர் இருக்காங்க.

— எடுத்துட்டேன். நான் தபால் ஆபீஸ். பாலத்துக்கு அந்தப் பக்கம். தினம் உங்களுக்கு அடுத்துப் பேசுறது நான்தான். குரல் தெரியலையா?

— தெரியுது. மீசை வெச்ச பெரியவர்னு நெனச்சிருந்தேன்.

— நான் உங்களை ஹெட்மிஸ்ட்ரஸ்னு நெனச்சேன். ஜன்னல்ல பார்த்தா என் வயசுகூட இருக்காது போல.

— பதினேழு. யாருக்கு என்ன, சொல்லுங்க.

— என் தங்கச்சி தகரக் கூரையில கால் வெச்சா. உள்ள போயிடுச்சு. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளம் கிழிஞ்சிருக்கு. நாலு நாளாச்சு. ஓரமெல்லாம் சிவந்து வீங்கி, வாடை வருது. நேத்துல இருந்து உடம்பு கொதிக்குது.

— உங்ககிட்டதான் டாக்டர் இருக்காங்களே. "ஆள் இருநூத்திப் பத்து, டாக்டர் ரெண்டு." தினம் கேக்குறேன்.

— அதாவது, அவங்க ரெண்டு பேரும் வெளிய போயிருக்காங்க.

— ரெண்டு பேருமா?

— அதாவது, ஒருத்தர் போனாரு. அவரைத் தேடி இன்னொருத்தர் போனாரு.

— நல்லா இருக்கு. அவரைத் தேடி மூணாவது டாக்டர் போகலையா?

— கிண்டல் பண்ணாதீங்க. பதுங்கிப் பதுங்கி மூணு மணி நேரம் நடந்து வந்திருக்கேன்.

— அதையும்தான் கேக்கணும். இருநூத்திப் பத்து பேர்ல நடக்கத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லையா? ரேடியோ பேசுறவரே வரணுமா?

— அண்ணன் நான் வராம வேற யார் வருவா? சரி, இப்ப நான் கேக்குறேன். உங்க மொட்டை மாடியில கொடி கட்டி நாப்பது சட்டை காயுது. நீலக் கட்டம் போட்டது எப்பவும் மூணாவது. அதுக்குப் பக்கத்துல பச்சை. பாலத்து முனையில இருந்து பைனாகுலர்ல எட்டு மாசமா பார்க்குறேன், வரிசை மாறினதே இல்ல.

— எங்க ஆளுங்க ஒழுங்கானவங்க.

— மழையில நனைஞ்ச சட்டையைக்கூட எடுக்கல. நூத்தி நாப்பது பேர்ல ஒரு குழந்தை இல்ல, ஒரு பாவாடை இல்ல.

— வேவு பார்க்கவா வந்தீங்க?

— இல்லைங்க. சந்தேகத்தோடதான் வந்தேன். போக வேற இடம் இல்ல. எங்கயாவது ஒரு டாக்டர் இருக்காருன்னு நம்பினாத்தான் காலு நடக்குது. அவரைக் கூப்பிடுங்க.

— டாக்டர் சாப்பிடுறாரு.

— காத்திருக்கேன்.

— நிறைய சாப்பிடுவாரு. மணி பன்னிரண்டு ஆகப்போகுது, நான் பேசணும். சத்தம் போடாதீங்க. "கரண்டு நின்னு நானூத்திப் பதிமூணாம் நாள். ஆத்துக்கு மேற்கே, பம்பு ஹவுஸ். ஆள் நூத்தி நாப்பது. டாக்டர் உண்டு. முடிஞ்சுது."

— என் முகத்தைப் பார்த்துக்கிட்டே சொல்றீங்க.

— பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கா? ரேடியோவுல எங்களுக்கு முன்னால பேசுவாங்க. "ஆள் பதினொண்ணு"ன்னு உள்ளதைச் சொன்னாங்க. மூணாம் நாள் அந்தப் பக்கம் கொள்ளைக்காரங்க லாரி போச்சு. அதுக்கப்புறம் அவங்க குரலே இல்ல.

— மறப்பேனா? அன்னைக்குத்தான் நாங்களும் இருநூத்திப் பத்து ஆனோம்.

— என்னது?

— ஒண்ணுமில்ல.

— சரி, இப்ப உங்க முறை. நீங்க இங்க நிக்கிறீங்க. அங்க வேற யாராவது பேசுவாங்கல்ல? கேப்போம்.

— வேண்டாம். செட்டை அணைச்சிடுங்க.

— "கரண்டு நின்னு… நானூத்திப் பதிமூணாம் நாள். தபால் ஆபீஸ். ஆள் இருநூத்திப் பத்து. டாக்டர்… டாக்டர் ரெண்டு. அண்ணா, போய்ச் சேர்ந்துட்டியா? தண்ணிக் குடத்தை அந்தப் பக்கம் வெச்சுட்டுப் போயிட்ட. கை எட்டல. பரவாயில்ல. முடிஞ்சுது."

— அணைக்கச் சொன்னேன்ல.

— தங்கச்சியா?

— பதிமூணு வயசு. தனக்கு ஒண்ணும் ஆகலைன்னு காட்டத்தான் பேசியிருக்கா. அவ ஒரு மாதிரிங்க. அடுப்புக்கு விறகு இல்லைன்னாலும், அங்க கிடக்குற கடுதாசி ஒண்ணைக்கூட எரிக்க விடமாட்டா. "வந்து கேட்டா என்ன சொல்றது"ம்பா.

— எத்தனை பேர் நீங்க?

— ரெண்டு. அவளைச் சேர்த்து.

— பொய் சொல்றப்பெல்லாம் "அதாவது"ன்னு ஆரம்பிச்ச. இப்ப ஆரம்பிக்கல.

— நீ?

— நான் ஒருத்திதான். அப்பா இருந்தார். ரெண்டு மாசம் முன்ன நெஞ்சுவலி. உன் ரெண்டு டாக்டரை நம்பி, கைவண்டியில படுக்க வெச்சுப் பாதிப் பாலம் வரைக்கும் தள்ளிட்டு வந்தேன். இருநூத்திப் பத்து பேர் இருக்கிற இடம், எங்களை என்ன பண்ணுவாங்களோன்னு பயம். அங்கேயே திருப்பிட்டேன்.

— அந்த வண்டி நீயா?

— பார்த்தியா?

— பார்த்தோம். நூத்தி நாப்பது பேர் கிளம்பி வராங்க, முன்னால வண்டி வருதுன்னு நெனச்சோம். கதவுக்கு அலமாரியை முட்டுக் கொடுத்துட்டு ரெண்டு பேரும் மேஜைக்கு அடியில உக்காந்திருந்தோம்.

— வந்திருந்தாலும் டாக்டர் இல்ல.

— டாக்டர் இல்லதான். ஆனா வண்டி தள்ள இன்னும் ரெண்டு கை இருந்திருக்கும்.

— கேட்டைத் திறக்குறேன். உள்ள வா, தண்ணி குடி. இரு, கோபுரம் பேசுது.

— "குன்று மேல, கோபுரம். ஆள் அறுபது. காய்ச்சல் உண்டு. யாரும் வராதீங்க. முடிஞ்சுது."

— பாவம். தினம் இதையேதான் சொல்லுது அந்தம்மா.

— முதல்ல இதைச் சொல்லு. உங்க தெருவுல அந்தக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்துச்சு?

— எங்க தெருவுலயா? முப்பது வீடு. பத்து நாள்ல எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்ல.

— எங்க தெருவுல எட்டு நாள். கோபுரத்துல பதினாலு மாசமா காய்ச்சல், பதினாலு மாசமா அறுபது பேர். ஒருத்தர்கூடக் குறையல.

— என் மூணாவது சட்டை மாதிரி.

— என் மூணாவது சட்டை.

— சரி, உன் சட்டை. அப்ப அவங்களும் பொய்யா?

— நம்மகிட்ட இல்லாததை நாம இருக்குன்னோம். வராதீங்கன்னு சொல்றவங்ககிட்ட என்ன இருக்கும்?

— நிஜமாவே காய்ச்சலும் இருக்கலாம்.

— இருக்கலாம். அதனால போக வேண்டாம், கேப்போம். ஆனா இத்தனை மாசமா பொய் சொல்ற குரல் கேட்டா யாரு பதில் சொல்லுவா? உள்ளதைச் சொல்லித்தான் கேக்கணும்.

— லாரிக்காரங்க கேட்டுட்டா?

— லாரிச் சத்தம் நின்னு எட்டு மாசமாச்சு. டீசல் தீர்ந்திருக்கும். தீராமலும் இருக்கலாம்.

— யோசிச்சுக்கோ. "ஆள் ஒண்ணு"ன்னு ஊரறியச் சொல்லப்போறது நீ. நான் தங்கச்சிக்காக எதையும் பண்ணுவேன். உனக்கு என்ன வந்துச்சு?

— பாதிப் பாலத்துல ஒரு தடவை திரும்பிட்டேன். தள்ளு, மைக்கைக் கொடு. "பம்பு ஹவுஸ். திருத்தம். ஆள் ஒண்ணு. டாக்டர் இல்ல. தபால் ஆபீஸ், ஆள் ரெண்டு. டாக்டர் இல்ல. அதுல ஒருத்திக்குக் கால்ல காயம், நாலு நாளாச்சு, சீழ் வெச்சிருக்கு. கோபுரம், கேக்குதா? நாங்க வரல. என்ன செய்யணும்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

— ஒண்ணும் வரல.

— பொறு.

— பேட்டரி போயிடப் போகுது. நான் கிளம்புறேன், குடத்தையாவது நகர்த்தி வெக்கணும்.

— பொறுன்னு சொல்றேன்ல.

— "கோபுரம். வீக்கம் முழங்காலைத் தாண்டி மேல ஏறியிருக்கா?"

— இல்ல! இல்லைங்க, முழங்காலுக்குக் கீழேயே நிக்குது.

— "அப்ப காலு தப்பிக்கும். யாரும் தைக்காதீங்க, திறந்தே இருக்கட்டும். தண்ணியில உப்புப் போட்டுக் கொதிக்க வெச்சு, ஆறினதும் கழுவுங்க. வண்டி இருக்கா?"

— கைவண்டி இருக்கு.

— "பிள்ளையைப் பாலத்துக்குக் கொண்டு வாங்க. ஊசி எடுத்துட்டு நான் இறங்குறேன்."

— டாக்டருங்களா நீங்க?

— "கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். திருத்தம், கேட்டுக்கோங்க. கோபுரம். ஆள் ஒண்ணு. மீதி அம்பத்தொம்பதும் ஆடு, முதல் நாள் சேர்த்து எண்ணினது. காய்ச்சல் யாருக்கும் இல்ல. முடிஞ்சுது."