வெறும் வயிற்றில்

எங்கள் வீட்டில் காலைக் காப்பி போடுவது அவர்தான். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். எங்கள் தெருவில் வேறெந்த ஆம்பளையும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் அவர் கெட்டவர் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். திருமானூரில் யாரைக் கேட்டாலும் ராசாங்கத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

அவர் தங்கச்சி சின்னப்பிள்ளை உங்களிடம் வந்து சொன்னதெல்லாம் உண்மை. மாத்திரை விஷயத்தை அவள் அரியலூர் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

போன வருஷத்திலிருந்தே அவருக்கு ஒண்ணுக்குப் போவதில் தொந்தரவு. போய்விட்டு வந்து உட்காருவார், உடனே மறுபடி எழுந்திருப்பார். அரியலூர் பஸ்ஸில் ஏறினால் கீழப்பழுவூரில் இறங்கி ஓடுவார். கண்டக்டர் முணுமுணுப்பார். வெட்கப்பட்டுக்கொண்டு விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். நான்தான் விடாமல் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

வயசானால் வருகிற புராஸ்டேட் வீக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அறை வாசலில் திரை மட்டும் தொங்கியது. முன்பு ஏதாவது ஆபரேஷன் செய்ததுண்டா என்று உள்ளே டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கருத்தடை ஆபரேஷன் ஆயிருக்குங்க சார். எழுபத்தாறுல, எமர்ஜென்சி சமயத்துல.”

“எத்தனை பிள்ளைங்க?”

“பிள்ளை இல்லீங்க. அப்ப எனக்குக் கல்யாணமே ஆவல. சுண்ணாம்புக்கல் வெட்டுற வேலையில இருந்தேன். மேஸ்திரி எங்களை லாரியில ஏத்திக்கிட்டுப் போனாரு. ரெண்டு பிள்ளை இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு. வெவரம் புரியாத வயசு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வூட்டுல தெரியாதுங்க சார். தெரிய வேணாம்.”

மண்சோறு தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா, மேடம்? கோயில் தரையில் இலை போடாமல் சோற்றை வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயாலேயே தின்ன வேண்டும். பிள்ளை வரம் கேட்டு ஆடிக்கு ஆடி நான் தின்றேன். அவர் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நிற்பார். என் உதட்டில் ஒட்டிய மண்ணைத் தன் துண்டால் துடைத்துவிடுவார். “சாமி குடுக்கிறப்ப குடுக்கும், கமலம்” என்பார்.

சின்னப்பிள்ளைக்கு வளைகாப்பு நடந்தபோது மாமியார் என்னை வளையல் போட விடவில்லை. பந்தியில் பாயசம் ஊற்றச் சொன்னார். அன்றைக்கும் இவர் வாய் திறக்கவில்லை. வாளி கனக்குமென்று என் கூடவே தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாளிக்காகவே அவரை இத்தனை காலம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

நான் திரையை விலக்கி உள்ளே போனபோது அவர் அவசரமாக எழுந்து கழிப்பறைக்குப் போனார். அதனால் மருந்து விவரமெல்லாம் டாக்டர் என்னிடம்தான் சொன்னார். பொறுமையான மனுஷன்.

“இந்த கேப்சூலை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்கம்மா. வெறும் வயித்துல வேணாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலக் காலையிலயே குடுங்க, ரெண்டையும் சேக்காதீங்க. படுத்திருந்து பட்டுன்னு எந்திரிக்க வுடாதீங்க. காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, அப்புறம் எந்திரிக்கட்டும். இல்லாட்டி தலை சுத்திக் கீழ வுழுந்துருவாரு. சளிக்குக் கடையில கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீங்க, ஒண்ணுக்கு அடைச்சுக்கும்.”

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். சந்தேகம்கூட ஒன்று கேட்டேன். விழுந்தால் என்ன ஆகும் என்று.

“இந்த வயசுல வுழுந்தா எந்திரிக்கிறது கஷ்டம்மா” என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டார். “டாக்டரு என்ன சொன்னாரு, கமலம்?”

“காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல, பிரஷர் மாத்திரையோட சேத்துப் போட்டுக்கச் சொன்னாரு. போட்டுட்டுச் செத்த படுத்திருக்கணுமாம்.”

அவர் தலையாட்டினார். நான் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசியதில்லை. என் வாழ்நாளில் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான். அவர் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுநாளிலிருந்து காப்பியை நான் போட்டேன். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார். நான் எதற்காவது அவசரமாகக் கூப்பிடுவேன். எழுந்து வருகிறவர் சுவரைப் பிடித்துக்கொள்வார். “என்னமோ கண்ணை இருட்டிக்கிட்டு வருது” என்பார். “மருந்து வேலை செய்யுது, அதான்” என்பேன். அதையும் நம்பினார்.

அப்போது மாடியில் கடலை காயப்போட்டிருந்தோம். வெளியில் இருக்கிற எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. கட்டுகிறபோதே வைத்திருக்கலாம். அன்றைக்கு அவர் படுத்துக் கண் அசந்த நேரம் பார்த்து, “ஏங்க, மழை வருது, கடலை நனையுது, ஓடியாங்க” என்று குரல் கொடுத்தேன். துள்ளி எழுந்து ஓடினார். மேல்படி வரைக்கும் போய்விட்டார்.

சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்தேன். பால் பொங்குகிற நேரம். பிறகுதான் போய்ப் பார்த்தேன். கீழே மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மழையே இல்லியே, கமலம்.”

அவர் கடைசியாகப் பேசியது அதுதான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள், பேச்சைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. வலது கையும் காலும் அசையாது. அவர் விழ வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன், மேடம். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது இட்லியைப் பாலில் குழைத்து ஊட்டுகிறேன். வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, நனைந்த துணியை அப்போதைக்கப்போது மாற்றிவிடுகிறேன். மாத்திரையெல்லாம் டாக்டர் சொன்னபடிதான் போகிறது. வாழ்நாளெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடாத நான் இப்போது ராசா, ராசா என்றுதான் கூப்பிடுகிறேன். தலை சீவி, திருஷ்டிக்குக் கன்னத்தில் பொட்டு வைத்தால் எவ்வளவு லட்சணமாக இருக்கிறார் தெரியுமா?

சின்னப்பிள்ளை அவரைப் பூலாம்பாடியில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறாள். கேஸ் போடுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவரை மட்டும் அவளிடம் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்குத்தான் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்களே.

என்னைக் கண்டாலே அண்ணன் அழுகிறார் என்று அவள் சொன்னதும் உண்மைதான். பிள்ளை என்றால் தாயைக் கண்டதும் அழத்தான் செய்யும்.