ஏரிக்குக் காய்ச்சல்

"ஏரித் தண்ணியில தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தாங்க மாமா."

கடத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த டாக்ஸி டிரைவர் சொன்னார். பக்கத்தில் அவர் மாமா, தூண்டிலோடு.

"ஏன், ஏரிக்குக் காச்சலா?"

"என் வண்டியில ஊட்டிக்கு ட்ரவுட் மீன் புடிக்க வந்த பார்ட்டிங்க. ஈ மாதிரியே பொய் இரை கட்டி எடுத்தாந்தாங்க. தண்ணி சூடா இருக்குதுன்னு தூண்டிலே போடாம திரும்பிட்டாங்க."

"சூடா இருந்தா என்ன?"

"மீனு மூச்சு திணறுமாம். புடிச்சுத் திருப்பி வுட்டாலும் பொழைக்காதாம்."

"புடிச்சத எதுக்கு மாப்ள வுடணும்? வூட்ல மசாலா அரைச்சாச்சு."

எங்கள் ஊர் ஏரி ஸ்டாப்பில் மாமா இறங்கினார். சித்திரை வெயிலில் ஏரி பாதியாக வற்றியிருந்தது. கண்டக்டர் கூட்டத்தை ஏற்றி முடிப்பதற்குள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூண்டிலைக் கரையில் போட்டுவிட்டு, பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.