சுமக்கிறவன் காலுக்கு எது காவல்?

இந்த மாலைக் கூட்டத்தைப் பொறுமையோடும் புன்னகையோடும் நடத்திக்கொண்டிருக்கும் எங்கள் ஊர் மன்றத் தலைவி கெர்த்து அம்மையார் அவர்களே! தீர்மானத்தை முன்மொழிந்துவிட்டு, 'இவன் என்ன சொல்லப் போகிறான்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மரியாதைக்குரிய ஆர்வோ ஐயா அவர்களே! பனி மூடிய பாதையைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ஜனவரி பிறந்ததும் பெற்ற பிள்ளையைப் பாசறைக்கு அனுப்பப் போகிற தாய்மார்களே, தந்தையரே! கடைசி வரிசையில் காப்பிக் கோப்பையும் கையுமாக நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் வெய்க்காவின் பணிவான வணக்கம்.

கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள், பூட்ஸுக்குப் பதிலாக அவரவர் ஓட்ட ஷூவையே அணிய அனுமதி வேண்டும் என்பது ஆர்வோ ஐயாவின் தீர்மானம். அது அன்பிலே பிறந்தது. பிள்ளையின் குதிகாலில் கொப்புளத்தைப் பார்த்த எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் பொறுக்கும்? ஓட்ட ஷூ இறகு போன்றது. பூட்ஸ் இரும்பு போன்றது. ஒன்று கொஞ்சும், ஒன்று கடிக்கும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் நண்பன் ஒத்ஸோவுக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் கை தூக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். பெயரைச் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டேன். "தாராளமா சொல்லு. பாதியில நிறுத்தாம முழுசாச் சொல்லு, அவ்வளவுதான்" என்றான்.

ஒத்ஸோ ஓட்டக்காரன். சாதாரண ஓட்டக்காரனா? மாவட்டத்தில் அவனை முந்த ஆளில்லை. நானும் அவனும் ஒரே அணியில் பயிற்சி பெற்றோம். எங்கள் அணித் தலைவி ஸைமி. உருவத்தில் சின்னவள்; குரலில் பெரியவள். எங்களைப் போலவே பயிற்சிக்கு வந்து கார்ப்பரல் ஆனவள்.

அது இலையெல்லாம் உதிர்ந்துவிட்ட அக்டோபர். மூட்டை சுமந்து நெடுநடை போனோம். நடுப்பகலில் பட்டாணி சூப் குடிக்க உட்கார்ந்தபோது ஒத்ஸோ பூட்ஸைக் கழற்றினான். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. மூட்டையிலிருந்து தன் ஓட்ட ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டான். பூட்ஸை, முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போகும் வண்டியில் போட்டுவிட்டான்.

ஸைமி பார்த்துவிட்டாள். "என்னடா கால்ல? கல்யாணத்துக்கா கிளம்பிட்டே?"

"நடக்க முடியல கார்ப்பரல். ரெண்டு கால்லயும் கொப்புளம்."

அவள் குனிந்து பார்த்தாள். மனம் இளகிவிட்டது. "சரி, வண்டிப்பாதைதானே. முகாம் வரைக்கும் போட்டுக்கோ."

பிறகு பார்க்க வேண்டுமே! மான்குட்டி போல முன்னால் துள்ளிக்கொண்டு போனான்.

"டேய், மெதுவாப் போடா! எங்களுக்கெல்லாம் மானம் போகுது!" என்று கத்தினேன்.

"நீ அந்தச் செங்கல்லைக் கட்டிக்கிட்டு ஆடி அசைஞ்சு வா. நான் போய் உனக்குப் பாய் விரிச்சு வைக்கிறேன்!" என்றான்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அந்தப் பாதையில், அந்த வெயிலில், அவன்தான் புத்திசாலி, நாங்கள் மூடர்கள்!

ஆனால் பாதை எப்போதும் பாதையாகவே இருக்குமா? வானம் எப்போதும் வெளுத்தே இருக்குமா? சிறிது நேரத்தில் மேகம் கறுத்தது, காற்று திரும்பியது, மழையும் பனியும் கலந்து முகத்தில் அறைந்தது. ஸைமி வரைபடத்தைப் பார்த்தாள். மரம் வெட்டிப் போட்ட காட்டுக்குள் புகுந்து குறுக்கே போனால் முகாம் கிட்டத்தில். புகுந்தோம். அடிக்கட்டைகள், ஈட்டி போல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், இடையிடையே சதுப்புத் தண்ணீர். விழுந்து கிடந்த மரமொன்றைத் தாண்டும்போது நான் வழுக்கினேன். இரு மரங்களுக்கு நடுவே கால் சிக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

என்ன ஐயா சொல்கிறீர்கள்? பூட்ஸ் போட்டுமா விழுந்தாய் என்றா? ஆமாம் ஐயா, போட்டும் விழுந்தேன்! பூட்ஸ் மந்திரத் தாயத்து அல்ல. அதைப் பொய்யாகப் புகழ நான் மேடையேறவில்லை.

ஸைமி வானொலியில் உதவி கேட்டாள். மருத்துவ வண்டி பாதை வரைதான் வரும். அதுவரை என்னைச் சுமந்தாக வேண்டும். மடிப்புத் தூக்குப்படுக்கையில் என்னைக் கிடத்தினார்கள். ஸைமியும் சேர்ந்து, ஆளுக்கொரு பிடியாக நால்வர் தூக்கினார்கள். தலைப்பக்கம், என் பாரம் அதிகம் இறங்கும் இடத்தை, ஒத்ஸோ கேட்டு வாங்கிக்கொண்டான். எங்களில் அவன்தான் பலசாலி.

சதுப்பின் நடுவே போனபோது அவன் ஒரு சத்தம் போட்டான். மனிதக் குரலாகவே இல்லை. சேற்றுக்குள் மறைந்திருந்த கிளைக்கூர் ஒன்று, ஷூவின் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்துப் பாதத்துக்குள் ஏறிவிட்டது. படுக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் தண்ணீருக்குள் சரியப் போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சரியவில்லை! ஏன் சரியவில்லை? ஒத்ஸோ பிடியை விடவில்லை! இரண்டு முழங்காலும் சேற்றில் பதிய மண்டியிட்டு, என் பாரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டான்.

"இறக்குடா! கீழே வை!" என்று ஸைமி அலறினாள்.

"வைக்க மாட்டேன்! வச்சா தண்ணியில கிடப்பான்... ஒருத்தர் வாங்கிக்கங்க... சீக்கிரம்!"

ஸைமி தன் பிடியைப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்துவிட்டு, ஒத்ஸோவின் கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தாள். மேடான ஓரிடத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவன் தவழ்ந்து வந்தான். இப்போது படுக்கை ஒன்று, நடக்க முடியாதவர்கள் இருவர். இனி நகர வழியில்லை. மருத்துவ ஆட்கள் நடந்து வந்து சேரும்வரை அந்தக் கொட்டும் பனிமழையில் காத்துக் கிடந்தோம்.

அவன் ஷூவைக் கழற்றினார்கள். வலை போன்ற அந்தத் துணி, வந்த தண்ணீரையெல்லாம் வாங்கி வைத்திருந்தது. விரல்கள் மெழுகு போல் வெளுத்துக் கிடந்தன. ஸைமி காயத்தைக் கட்டினாள். பிறகு தன் சட்டையைத் தூக்கி, அவன் பாதங்களைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"உணர்ச்சி இருக்கா?"

"இல்ல கார்ப்பரல்."

"வரும். வராம எங்க போகும்? பேசிக்கிட்டே இரு."

வந்தது. விரல்கள் தப்பின. ஆனால் காயம் சீழ் பிடித்து, அந்த ஆண்டின் பந்தயங்கள் எல்லாம் அவனுக்கு இல்லையென்றாயின.

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனிடம் கேட்டேன். "ஏன்டா, பூட்ஸ் அவ்வளவு கடிச்சுதுன்னா மாத்திக் கேட்டிருக்கலாமே?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முதல் நாளே தெரியும்டா, சின்ன அளவுன்னு. கேட்டா, 'ஓட்டக்காரத் துரைக்குப் பாதம் நோகுதாம்'னு எல்லாரும் சிரிப்பீங்க. அதான் கேக்கல."

தாய்மார்களே! நாங்கள் சிரித்திருப்போமா? சிரித்திருப்போம்!

அவன் துணிச்சலில் குறை உண்டா? இல்லை! தோள் வலிமையில் குறை உண்டா? இல்லை! நட்பில் குறை உண்டா? எள்ளளவும் இல்லை! குறை இருந்தது காலுக்கும் மண்ணுக்கும் நடுவே! விளையாட்டு வீரன் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு, சீர் செய்த தரையில், தான் தேர்ந்த நாளில் ஓடுகிறான். அவனுக்கு இறகு வேண்டும். படைவீரனோ தன் மூட்டையையும், சில நாள் தன் தோழனையும் தூக்கிக்கொண்டு, யாரும் சீர் செய்யாத மண்ணில், தான் தேராத வானிலையில் நடக்கிறான். முள்ளை மறிக்கத் தடித்த அடிப்பாகம் வேண்டாமா? பாரம் ஏறும்போது மடங்காதிருக்கக் கணுக்காலுக்குப் பிடிமானம் வேண்டாமா? ஈரத்தை வெளியே நிறுத்தத் தோல் வேண்டாமா? தனக்காக மட்டும் என்றால் எதையும் அணியலாம். பிறரைச் சுமக்கப் போகிறவன் பூட்ஸ்தான் அணிய வேண்டும்!

ஆனால் எந்த பூட்ஸ்? காலுக்குப் பொருந்திய பூட்ஸ்! ஆகவே ஆர்வோ ஐயா, உங்கள் தீர்மானத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். ஓட்ட ஷூவுக்கு அனுமதி கேட்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் காலையும் அளந்து பூட்ஸ் கொடுங்கள், அது காலுக்குப் பழகும்வரை நீண்ட நடைக்கு அனுப்பாதீர்கள், மாற்றிக் கேட்கிறவனைக் கேலி செய்ய விடாதீர்கள் என்று ராணுவத்திடம் கேட்போம். உரக்கக் கேட்போம்! ஊரே சேர்ந்து கேட்போம்!

ஆர்வோ ஐயா தலையசைக்கிறார். நன்றி ஐயா.

பெற்றோர்களே, பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள், தூங்கினாயா என்று கேட்பீர்கள். அதோடு இதையும் கேளுங்கள்: "கால் வலிக்குதா கண்ணு? வலிச்சா வாய்விட்டுச் சொல்லு. அதுல ஒரு அவமானமும் இல்ல." அந்த வார்த்தை எவர் வீட்டிலிருந்தாவது ஒத்ஸோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அவன் அந்தச் சேற்றில் மண்டியிட்டிருக்க மாட்டான், நிமிர்ந்து நடந்தே என்னைக் கரை சேர்த்திருப்பான்.

பேச வாய்ப்பளித்த தலைவி அவர்களுக்கும், காப்பி ஆறுவதையும் பாராமல் செவிசாய்த்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. புறப்படும் பிள்ளைகள் நலமாகச் சென்று நலமாகத் திரும்பட்டும். வணக்கம்!