இடப்பக்கம் சாயும் கப்பல்

— மறுபடியும் இடப்பக்கம் சாயுதுடா, தமோட்சு. குளிக்கிற தொட்டியிலயே இப்படின்னா, நாளைக்குக் கோயில் குளத்துல என்ன ஆகும்?

— வாயக் கழுவுக்கா. பேட்டரி பாரம் அந்தப் பக்கம் இழுக்குது, அவ்வளவுதான்.

— சின்னதா வேற பேட்டரி வாங்கேன்.

— நல்லா சொன்னே போ. ஓட்டுற ரிமோட் ரேடியோவே ஆபீஸ்ல ஒருத்தன் பொம்மை விமானத்த மரத்துல மோதினதுல மிஞ்சினது. உடம்பு பூரா மீன் பெட்டிப் பலகை. பீரங்கி எல்லாம் உன் நூடுல்ஸ் கடைக் குச்சி. மோட்டார்... கோச்சுக்காதே, உன் ஹேர் டிரையர்ல உருவினது.

— அடப்பாவி! அதைக் காணோம்னு மூணு மாசமா என் வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டிருக்கேன்டா! அம்மா இருந்திருந்தா உன்னத் தொலைச்சிருப்பா. கப்பல்ங்கிற பேச்சையே வீட்டுல எடுக்க விடமாட்டாளே.

— நாளைக்கு முப்பத்துமூணாம் வருஷத் திதிக்கா. அதோட அப்பாவுக்குப் பூசையெல்லாம் முடிஞ்சுது. இனி எந்தச் சாமியாரும் அவர் பேரச் சொல்லிக் கூப்பிடமாட்டார். நீயாவது ஆறு வருஷம் அவர் தோள்ல ஏறி குரே துறைமுகம் பூரா சுத்தினே. நான் வயித்துல இருந்தேன். எனக்கு அப்பான்னா இந்த யூகசுமி கப்பல்தான்.

— போர்ல அவரோட சேந்து முங்கின கப்பல்டா அது.

— தப்பிச்சு வந்த மாலுமி நம்ம வாசல்ல நின்னு சொன்னார்னு சொல்லுவியே. இடப்பக்கமாவே சாஞ்சு, ஏழு நிமிஷத்துல போயிருச்சுன்னு. என் கப்பலும் அப்படிச் சாஞ்சா குளத்துல இறக்கவே மாட்டேன். உடைச்சு அடுப்புல போட்டுருவேன்.

— ஈயக்குண்டு ஏதாச்சும் வையேன்.

— தூண்டில் ஈயம் இருந்ததெல்லாம் வச்சாச்சு. வலப்பக்கம் அடியில இன்னும் ஒரு கைப்பிடி பாரம் வேணும். செத்தவங்களக் கும்புடற ஓபோன் பண்டிகை லீவுக்கு எல்லாக் கடையும் பூட்டிக் கெடக்கு.

— இரு. என் பையில ஒண்ணு இருக்கு. இந்தா.

— என்னக்கா, பட்டுத் துணியில சுத்தி வச்சிருக்கே? அட, கல்லு!

— வச்சுத்தான் பாரேன்.

— இன்னும் ஒட்டல, சும்மா வைக்கிறேன்... அக்கா! நிமிந்துருச்சுக்கா! நூல் பிடிச்ச மாதிரி நிக்குது! தட்டிவிட்டாலும் ஆடிட்டு நிமிருது, பாத்தியா?

— பாத்தேன்டா.

— ஏன் அழுவறே? சிரிக்கா! நாளைக்கு மொதல்ல கல்லறைக்குப் போயி ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும். அப்பா எலும்புன்னு கடற்படை குடுத்த அந்த வெள்ளைப் பெட்டிக்கு எத்தனை வருஷம் தினம் சோறு வச்சா அம்மா! போன குளிர்ல அவ எலும்பும் அப்பா எலும்பும் ஒரே குழிக்குப் போயிருச்சு. எனக்குக் கையே வரல. நீதானே தனியா இருந்து பெட்டியப் பிரிச்சே.

— நான்தான் பிரிச்சேன்.

— சின்னப் பிள்ளையில அந்தப் பெட்டியக் காதுகிட்ட வச்சு ஆட்டுவேன், ஞாபகம் இருக்கா? உள்ள கொடக்குனு ஒரு சத்தம். அப்பா பேசறார்னு நானும் பதில் பேசுவேன். அம்மா முதுகுலயே ஒண்ணு வைப்பா.

— ஞாபகம் இருக்கு. வலிச்சாலும் விடமாட்டே, மறுபடி போயி ஆட்டுவே.

— எங்கிட்ட அவர் பேசினது அது ஒண்ணுதானேக்கா.

— தமோட்சு. கப்பலத் தண்ணியிலேருந்து எடு.

— எதுக்கு? இப்பத்தானே நிமிந்துச்சு.

— எடுடா. காதுகிட்ட வச்சு மெதுவா ஆட்டு.

— என்னக்கா நீ, விளையாட்டா... அக்கா. அக்கா, இது...

— பெட்டிக்குள்ள இருந்தது அந்தக் கல்லு மட்டும்தான்டா.